கோணல் பொறுக்காதவர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த அன்றே அவர் என் கரும்பலகையில் ஒரு எழுத்தைத் திருத்தினார். ஒன்றாம் வகுப்புக்கு 'ஞ' எழுதிப் போட்டுவிட்டு நான் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சத்தமில்லாமல் உள்ளே வந்தார். என் எழுத்தின் வாலை விரலால் அழித்துவிட்டு வேறு வால் போட்டார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. கொஞ்சம் கோணியிருந்துச்சுங்க," என்றார். "நான் கைத்தொழில் வாத்தியாருங்க. இன்னிக்குத்தான் வாரேன்."

கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் போட்ட வால் நிஜமாகவே அழகாக இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மல்லசமுத்திரத்திலிருந்து மாட்டு வண்டியில் போகிற தூரத்தில் ஒரு ஊர். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். நான் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். பயிற்சி முடித்து, அம்மாவோடு அந்த ஊருக்கு வந்து, சின்ன வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தேன். பெரிய வகுப்புகள் தலைமையாசிரியரிடம். பிள்ளைகள் வெறும் மனப்பாடம் செய்தால் போதாது, கையால் ஏதாவது செய்து பழக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதற்காக வந்தவர் இவர். நாற்பது வயது இருக்கும். ஒடிசலான தேகம். எப்போதும் இடுப்பில் ஒரு சின்னக் கத்தி செருகியிருக்கும்.

கோணல் எதையும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து ஆளின் தையல் இலையில் ஈர்க்குச்சி விலகியிருப்பதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். வழியில் போகிற வண்டியை நிறுத்தி, பாரத்தின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். ஊரில் ஒரு பெரியவர் செத்துப்போனபோது, பாடை கட்டுகிற இடத்தில் போய் நின்றவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "தள்ளுங்க சாமி, இப்படிக் கட்டுனா வழியில சாஞ்சுரும்," என்று எல்லாவற்றையும் பிரித்துத் தானே கட்டினார். அழுதுகொண்டிருந்த மகன்கூட ஒரு நிமிஷம் அழுகையை விட்டுவிட்டு அவருடைய முடிச்சைப் பார்த்தான்.

வகுப்பிலும் அப்படித்தான். சோளத்தட்டு, பனையோலை, களிமண், ஆமணக்குக் குச்சி, இவைதான் எங்களுக்குக் கிடைத்த சாமான்கள். சோளத்தட்டின் பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நெட்டியில் அந்தப் பட்டையையே ஊசியாகச் செருகினால் வண்டி செய்யலாம், வீடு செய்யலாம், கட்டில் செய்யலாம். எப்படி என்று மிகப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் தொடங்குவார்கள். வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். ஒரு சக்கரம் நெளிந்திருக்கும். நிற்பார். நெற்றி சுருங்கும்.

"இப்படிக் குடு சாமி."

அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு அருமையான வண்டி இருக்கும். அடுத்த பிள்ளையிடம் போவார்.

அந்தப் பொருள்களைப் பார்த்து ஊரே வியந்தது. பெற்றவர்கள் வீட்டு மாடத்தில் வைத்துக் கும்பிடாத குறை. தலைமையாசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். நானும் என் பங்குக்குப் பாராட்டினேன். பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். இரண்டு கீறல் கீறிவிட்டு நீட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டார்கள். அதே பிள்ளைகள் மத்தியானம் வெளியே போய், நுங்கு தின்று போட்ட வெறுங்காயில் அவர்களே வண்டி செய்து, புழுதி பறக்க ஓட்டிப் பந்தயம் விடுவார்கள். ஒருவர் செய்தது போல இன்னொருவர் வண்டி இருக்காது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேரிப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் கடைசியில், சுவரோரமாக உட்காருவார்கள். அவர்களுடைய சிலேட்டைத் தலைமையாசிரியர் தூரத்திலிருந்தே பார்ப்பார். இவர் மட்டும் நேரே போய் அவர்கள் பக்கத்தில் குந்தி, அவர்கள் கையிலிருந்ததைத் தன் கையில் வாங்குவார். "வாத்தியாரு அந்தப் புள்ளைக கையில இருந்து வாங்கறாராமே," என்று ஊரில் பேச்சு வந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய மனசு என்று நான் நினைத்தேன். அதில் பொய்யில்லை. ஆனால் அவர் கண்ணுக்குப் பிள்ளையும் தெரியவில்லை, சாதியும் தெரியவில்லை, கோணல் ஒன்றுதான் தெரிந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது.

சுவரோரத்தில் பாவாயி என்று ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய அப்பன் ஊர்ப் பண்ணையாரிடம் பண்ணையாள். பண்ணாடி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் ஏற்பாட்டை எங்கள் பக்கத்தில் கவலை என்போம். அப்பன் நாளெல்லாம் கவலை ஓட்டுவான். அவனுக்குக் கஞ்சி கொண்டு போகிற பாவாயி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

ஒரு நாள் அவள் ஒரு கவலை செய்துகொண்டு வந்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. கவட்டைக் குச்சி இரண்டு, நடுவே உருளைக்கு ஒரு பனங்காய்க் கொட்டை, கயிற்றுக்கு நார், நீர் மொள்ளும் சாலுக்கு ஒரு கொட்டாங்குச்சி. பார்க்கச் சகிக்காது. ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அதை நிறுத்திக் கயிற்றை இழுத்தாள். கொட்டாங்குச்சி ஒரு பக்கம் சாய்ந்து, பாதித் தண்ணீரைச் சிந்திக்கொண்டே மேலே வந்து, மிச்சத்தை அவள் மண்ணில் கீறி வைத்திருந்த வாய்க்காலில் கொட்டியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். "எறைக்குதுடா! எறைக்குதுடா!" என்று ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு வந்து இழுத்துப் பார்த்தார்கள். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவரும் சிரித்தார்.

பிறகு நெற்றி சுருங்கியது.

"இப்படிக் குடு சாமி," என்றார்.

அந்த நேரத்தில்தான் சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அவர் பாவாயியின் கவலையைப் பிரித்தார். கவட்டைக் குச்சியைப் போட்டுவிட்டு நெட்டியில் தூண் செய்தார். மூங்கிலை இழைத்து உருளை செய்தார். மெல்லிய தோலைத் தைத்துச் சால் செய்தார். களிமண்ணில் ஒரு ஜோடி மாடு, அவற்றுக்குக் கழுத்துமணிகூட உண்டு. பாவாயி பக்கத்தில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். கிணற்றுமேடு அப்படியே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது போல இருந்தது.

அடியில் பாவாயியின் பெயரை அழகான எழுத்தில் எழுதினார். அதில் அவருக்குத் துளியும் கள்ளம் இல்லை. அவளுடையதைத்தான் சரிசெய்து கொடுத்ததாக நினைத்தார்.

முதல் பரிசு அதற்கே கிடைத்தது. அவரும் பாவாயியும் அவள் அப்பனும் சேலத்துக்குப் போய், ஒரு வெள்ளி மெடலோடு திரும்பி வந்தார்கள். அப்பன் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து மகள் கழுத்தில் போட்டான். அவள் ஆடு மேய்க்கும்போதும் அது கழுத்தில் ஆடும். "பண்ணையாள் புள்ளைக்கு மெடலாமா," என்று பண்ணாடி சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில், கண்காட்சியில் பரிசைத் தேர்ந்தெடுத்த கல்வி அதிகாரி எங்கள் பள்ளிக்கே வந்தார். நல்ல மனிதர். இந்த மாதிரிக் கை படைத்த பெண் ஆடு மேய்த்து வீணாகக் கூடாது, சேலத்தில் விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, செலவில்லாமல் சேர்த்துவிடுகிறேன் என்றார். பாவாயியின் அப்பனும் அம்மாவும் துவைத்த துணி உடுத்தி வாசல் நிலைக்கு வெளியே நின்றார்கள். பண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதிகாரி பையிலிருந்து புதுக் கத்தி ஒன்றை எடுத்தார். "இது உனக்குத்தான். ஒரு சின்ன வண்டி செஞ்சு காட்டும்மா, பார்க்கலாம்," என்றார்.

பாவாயி தரையில் உட்கார்ந்தாள். சோளத்தட்டை எடுத்தாள். பட்டையை உரித்தாள். அதுவரை சரியாகத்தான் போனது. நெட்டியைச் சக்கரமாக நறுக்கியபோது அது நீள்வட்டமாக வந்தது. அவள் நிறுத்திவிட்டாள். எல்லோரும் காத்திருந்தோம். அவள் நிமிர்ந்து கைத்தொழில் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் இரண்டடி முன்னே வந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் நீண்டிருந்தது.

பாவாயி கத்தியையும் சோளத்தட்டையும் அந்தக் கையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் தினமும் செய்வது போல, மிகச் சாதாரணமாக வைத்தாள்.

அவரும் வாங்கிக்கொண்டார். குந்தி உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினார். கத்தி ஓடுகிற சத்தம் தவிர அறையில் வேறு சத்தமில்லை. அந்த அமைதி உறைத்துத்தான் அவர் தலையைத் தூக்கியிருக்க வேண்டும். அப்போது அவர் கையில் ஒரு சக்கரம் இருந்தது. துளி நெளிவில்லாத, முழு வட்டமான சக்கரம்.

"கண்காட்சிக்கு வந்ததே கவலை, அதைச் செஞ்சது யாருங்க?" என்று அதிகாரி கேட்டார். வாத்தியாரைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவர் சக்கரத்தைக் கீழே வைத்தார். பாவாயிதான் பதில் சொன்னாள். தப்பு எதையும் சொல்லப்போவதாக அவளுக்குத் தெரியவில்லை. "என்னுது கோணையா இருந்துச்சுங்க. வாத்தியாரு பிரிச்சுப் போட்டுட்டு வேற செஞ்சாருங்க."

பண்ணாடி சிரித்தார். "நானும் அதத்தான் நெனச்சேன். பண்ணையாள் புள்ளைக்கு அந்தக் கை எங்கிருந்து வரும்?"

எந்தப் பக்கம் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி கத்தியைத் திரும்ப வாங்கி, மடக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அதைவிட மோசமானது பிறகு நடந்தது. பாவாயியின் அப்பன் யாரும் கேட்காமலே உள்ளே வந்தான். மகள் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, மெடலைத் தரையில் அதிகாரியின் காலுக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வாசலுக்குப் போனான். அதிகாரி குனிந்து அதை எடுத்துக்கொண்டார். விடுதியைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

"தப்பு என்னுதுங்க," என்று வாத்தியார் அப்போதுதான் சொன்னார். அதற்குள் அதிகாரி வண்டியில் ஏறியிருந்தார்.

அன்று பிள்ளைகள் போன பிறகு அவர் அந்தத் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவரே பேசினார்.

"அந்தப் புள்ள செஞ்சது தண்ணி எறைச்சுதுங்க அம்மிணி."

"ஆமாங்க."

"நான் செஞ்சது எறைக்காதுங்க. தண்ணி பட்டா மாடு கரைஞ்சுரும். நெட்டி ஊறிரும்." தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கவலைன்னு பேரு. ஒரு கை தண்ணி எடுக்காதுங்க."

பாவாயி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளைக் கூப்பிடப் போகலாம் என்று அவர் சொன்னபோது நானும் உடன் போனேன். சேரிக்குள் நாங்கள் நுழைவதைக் கண்டு அவள் அம்மா பதறிப்போய் வாசலில் கிடந்த விறகை ஓரம் தள்ளினாள். அப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான்.

"உங்க புள்ள மேல ஒரு தப்புமில்லீங்க. நான்தானுங்க தப்புப் பண்ணுனவன். மன்னிக்கோணுமுங்க," என்றார்.

அந்த ஊரில் அந்த மனிதனிடம் யாரும் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். பயந்துபோனான். "எங்கிட்ட எதுக்குங்க சாமி இப்படிப் பேசறீங்க? யாராச்சும் கேட்டா என்னத்துக்கு ஆகும்?" என்று சுற்றிலும் பார்த்தான். பிறகு சொன்னான்: "நீங்க நல்லாத்தானுங்க செஞ்சு குடுத்தீங்க. எம்புள்ளைக்குத்தான் குடுப்பினை இல்லீங்க."

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுவருக்குப் பின்னாலிருந்து பாவாயி எட்டிப் பார்த்தாள். அவளிடம் நான்தான் பேசினேன். பள்ளிக்கு வா என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"மறுபடியும் என்னுதைப் பிரிச்சுப் போடுவீங்களா?"

"இல்ல சாமி."

அடுத்த வாரம் வந்தாள்.

அதற்குப் பிறகு அவருடைய வகுப்பைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொள்வார். பிள்ளைகள் வழக்கம்போல நீட்டுவார்கள். வாங்க மாட்டார். "எங்க இடிக்குது? நீயே பாரு சாமி," என்பார். நீட்டிய கை நீட்டியபடி நிற்கும். சிலர் அழுதார்கள். ஒரு பையன் கோபத்தில் களிமண்ணைத் தரையில் அடித்தான். பிறகு மெல்ல மெல்லத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள்: இந்தக் காலை வெட்டு, அதை வெட்டாதே, இப்படி நிறுத்தினால் விழும். வகுப்பில் இரைச்சல் கூடியது. பொருள்கள் படுமோசமாக வந்தன. மூன்று கால் கட்டில், வாய் இல்லாத பெட்டி. வீட்டுக்குக் கொண்டு போனால் பெற்றவர்கள் சிரித்தார்கள். சிலர் வந்து சண்டை போட்டார்கள். "சம்பளம் வாங்கிக்கிட்டுக் கை மேல உக்காந்துக்கிறதுக்கா உங்களை இங்க தாட்டிவிட்டாங்க?" என்று தலைமையாசிரியர் பிள்ளைகள் காதுபடவே கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

திருந்திவிட்ட நிம்மதியாவது அவருக்கு இருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை. ஒருமுறை கேட்டேன்.

"நல்லது செய்யறேன்னு தோணலீங்க அம்மிணி," என்றார். "பட்டினி கெடக்கற மாதிரி இருக்குதுங்க. எதிர்லயே எல போட்டு வெச்சிருக்கு, உண்ணக்கூடாது." பிறகு, "இத்தன வருசமா எத்தன புள்ளைக எலையில நான் உண்டிருக்கறேனோ," என்றார்.

அடுத்த வருஷம் அவரை ஆத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். புகார் போயிருந்தது. வழியனுப்ப யாரும் கூடவில்லை. தலைமையாசிரியர் ஒரு மாலைகூட வாங்கவில்லை. வண்டி ஏறும்போது அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவேயில்லை. எங்கே இருந்தார், எப்போது காலமானார், எதுவும் தெரியாது.

பாவாயி ஐந்தாவது வரை படித்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நான் குமாரபாளையத்துப் பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியையாகப் போன பிறகு, ஒரு பெண் தன் மகளைச் சேர்க்க வந்தாள். கைவிரல்களில் சாயக்கறை. புருஷனும் அவளும் சாயப்பட்டறையில் வேலை. "வாத்தியாரம்மா, என்னைத் தெரியலீங்களா?" என்று கேட்டபோதுதான் எனக்குப் பாவாயியின் கண்கள் தெரிந்தன. உட்காரச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பேச்சு எங்கெங்கோ போய்க் கைத்தொழில் வாத்தியாரிடம் வந்தது. அவளுக்கு நேர்ந்ததற்கு அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. "அன்னிக்கு அத்தனை பேர் முன்னால உன்னை அப்படி ஆக்கிட்டோம். அவர் ஊரை விட்டுப் போற வரைக்கும் அதை நினைச்சு வெட்கப்பட்டார், பாவாயி," என்றேன்.

"அதிகாரி வந்தாரே, அன்னிக்குத்தான வாத்தியாருக்கு வெக்கமாப் போச்சுன்னு நெனைக்கறீங்க?" என்றாள்.

"பின்னே எப்போ?" என்றேன்.

"அதுக்கு முந்தியே அவருக்குத் தெரியுமுங்க. சேலத்துல மெடல் குடுத்தாங்களே, அன்னிக்கே. எங்கப்பனை உள்ள விடல, வெளிய நின்னுக்கிட்டாரு. நானும் வாத்தியாரும்தான் உக்காந்திருந்தோம். மேடையில எம்பேரைக் கூப்புட்டாங்க. எனக்கு அது எம்பேருன்னே தோணலீங்க. நான்பாட்டுக்கு உக்காந்திருக்கறேன். அவரு சடக்குனு எந்திரிச்சுட்டாருங்க. எந்திரிச்சு நடந்தும் போயிட்டாரு. எல்லாரும் கை தட்டறாங்க. பாதியில நின்னாரு. திரும்பி என்னையப் பாத்தாரு."

"அப்புறம்?"

"வந்து உக்காந்துட்டாருங்க. 'நீ போ சாமி, உன்னத்தான் கூப்புடறாங்க'ன்னாரு. நான் போயி வாங்கிட்டு வந்தேன். அவரு தலையவே தூக்கல. ஊரு வந்து சேர்ற வரைக்கும் எம்மூஞ்சியப் பாக்கலீங்க."